மாமாட கோழிக்கூட்டுக் கதவில கிடந்த ஆனைப் பல்லும், பெரிய மிருகங்கள் அழிஞ்ச கதையும்

திருகோணமலையில தோப்பூர்ப் பக்கம் எங்கட மாமாவுக்கு ஒரு வயல் இருக்கு, போன முறை அங்க போனப்ப கோழிக்கூட்டுக் கதவு காத்துக்கு அடிபடாம இருக்க எதையோ முட்டுக் குடுத்து வைச்சிருந்தார், நான் முதல்ல உடைஞ்ச அம்மித் துண்டு எண்டுதான் நினைச்சன். தூக்கிப் பாத்தா ஆனைக் கடைவாய்ப் பல்லு. மேல்பக்கம் அம்மி பொளிஞ்ச மாதிரி வரிவரியா, கீழ்ப்பக்கம் வேர் முறிஞ்சு, ஒரு ஓரமாப் பாசி பிடிச்சுக் கிடந்துது. தீனிக்க ஒளிச்சு வைச்ச வாய்வெடியைக் கடிச்சு நாள்கணக்காச் சாப்பிட ஏலாம வாய்க்கால் கரையில விழுந்து செத்த ஒரு அலியன்ர பல்லாம், ஏழெட்டு வருசம் இருக்கும் எண்டார். மற்ற எலும்புகளும் ரெண்டு மூணு அந்த வாய்க்காலுக்க கிடந்துது, கையால அமத்திப் பாத்தன், ஊறின ரஸ்க் மாதிரி உதிருது.

ஏழெட்டு வருசத்தில இந்த நிலைமை. ஆனா சைபீரியாவில எடுத்த மாமத் பல்லில, அதாவது உடம்பு முழுக்க மயிர் மூடின பழைய ஆனையளின்ர பல்லில, 2021ல பத்து லட்சம் வருசத்துக்கும் மேல பழைய டிஎன்ஏயை எடுத்து வாசிச்சிருக்கினம். இதை மாமாவுக்குச் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி ஒண்டுதான், "அப்ப சொல்லு தம்பி, அந்த மயிர் ஆனையள மனிசர் திண்டு முடிச்சவங்களோ, இல்லாட்டி சூடு ஏறிச் செத்ததுகளோ?"

உண்மையில இது மாமா மட்டும் கேக்கிற கேள்வி இல்லை, அறுபது வருசமா பெரிய பெரிய ஆக்கள் சட்டையைப் பிடிக்காத குறையா அடிபடுற கேள்வி. கடைசி ஐம்பதாயிரம் வருசத்துக்குள்ள உலகம் முழுக்கப் பெரிய மிருகங்கள் கொத்துக் கொத்தா இல்லாமப் போயிருக்கு. வட அமெரிக்காவில மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட பேரினங்கள், மாமத், மாஸ்டொடன் எண்ட இன்னொரு ஆனைச் சொந்தம், மரத்தில தொங்குற ஸ்லொத்தின்ர நிலத்தில நடக்கிற ராட்சதச் சொந்தம் எண்டு. ஆஸ்திரேலியாவில ராட்சதக் கங்காரு. ஆபிரிக்காவிலயும் எங்கட ஆசியாவிலயும்தான் ஆனை, காண்டாமிருகம் எண்டு கொஞ்சமெண்டாலும் மிஞ்சி நிக்குது. போல் மார்ட்டின் எண்ட அமெரிக்க ஆய்வாளர் 1960கள்ல இருந்து அடிச்சுச் சொன்ன விசயம், மனிசன் போய்ச் சேந்த இடத்தில எல்லாம் பின்னாலயே மிருகம் போயிருக்கு, ஆகவே வேட்டைதான் காரணம். எதிர்ப்பக்கம் சொன்னது, அதே காலத்திலதான் பனியுகம் முடிஞ்சு உலகம் சூடேறினது, புல்வெளி காடாகவும் சதுப்பாகவும் மாறினது, சாப்பாடு இல்லாமச் செத்ததுகள். ரெண்டு விசயமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில நடந்ததாலதான் சிக்கல். வீட்டில கரண்டும் போய் அதே நேரத்தில ஃபேனும் எரிஞ்சா எது முதல் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

எலும்பை மட்டும் வைச்சுப் பாத்தா ஒரு மிருகம் எப்ப இருந்தது எண்டு சொல்லலாம். காபன் 14 கணிப்பு ஏறத்தாழ ஐம்பதாயிரம் வருசம் வரைக்கும் வேலை செய்யும். ஆனா எத்தினை இருந்துது, கூடிக்கொண்டு போச்சா குறைஞ்சுகொண்டு போச்சா எண்டதை எலும்பின்ர எண்ணிக்கை சொல்லாது. எலும்பு கிடைக்கிறது ஒரு லொத்தர் மாதிரி, ஆறு வெட்டின இடம், பனி உருகின இடம், ஆரும் தோண்டின இடம், அவ்வளவுதான். அந்த லொத்தர் எவ்வளவு பொய் சொல்லும் எண்டதுக்கு ஒரு உதாரணம் சொல்லுறன். 2017ல சைபீரியா மாமத் எலும்புகள் 98 எடுத்து டிஎன்ஏ மூலம் ஆணா பெண்ணா எண்டு பாத்தவை, 69 வீதம் ஆண். பிறக்கேக்க பாதிக்குப் பாதிதான் பிறந்திருக்கும், பிறகேன் ஆணே கிடைக்குது? அவை சொன்ன விளக்கம், பெண்ணுகள் கிழவித் தலைவியோட கூட்டமாப் போகும், எங்க சேறு எங்க மெல்லிய ஐஸ் எண்டு அவளுக்குத் தெரியும், வாலிப ஆணுகள் தனியனாத் திரிஞ்சு போய்க் குழியில விழுந்து புதைஞ்சு போறதால அவையின்ர எலும்பு கூடப் பத்திரமா இருக்கு. மாமாவுக்கு இதைச் சொன்னப்ப சிரிச்சுப்போட்டு, "இஞ்ச வயலுக்க வாறதும் தனியன்தான், கிணத்துக்க விழுறதும் தனியன்தான்" எண்டார். அவருக்கு இது ஆராய்ச்சி இல்லை, போன கிழமை நடந்த கதை.

சரி, டிஎன்ஏ எப்பிடி இதுக்குள்ள வந்தது. 1984ல குவாக்கா எண்ட மிருகம், பாதி வரி மட்டும் உள்ள ஒரு ஆபிரிக்க வரிக்குதிரை, 1883ல ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிச்சாலையில கடைசி ஒண்டு செத்தது, அதின்ர தோலில ஒட்டிக் காய்ஞ்சிருந்த இறைச்சியில இருந்து 229 எழுத்து டிஎன்ஏ எடுத்தினம், எழுத்து எண்டது டிஎன்ஏச் சங்கிலியின்ர ஒவ்வொரு இரசாயனப் படி. முழு மரபணுத் தொகுதி முன்னூறு கோடி எழுத்துக்குக் கிட்ட, கையில வந்தது 229. அதுக்கே உலகம் துள்ளினது. பிறகு துள்ளல் கொஞ்சம் மிஞ்சிப் போச்சு, 1994ல எட்டுக் கோடி வருசப் பழைய டைனோசர் டிஎன்ஏ எடுத்திட்டம் எண்டு ஒரு கட்டுரை வந்து, பிறகு பாத்தா அது மனிச டிஎன்ஏ. ஆரோ ஒராள் தும்மினதோ, விரல் பட்டதோ. சுவாந்தே பேபோ போல ஆக்கள்தான் இந்தத் துறையைச் சுத்தம் பண்ணி ஒழுங்குக்குக் கொண்டு வந்தது, 2022ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சது.

இந்தச் சுத்தம் எண்ட விசயம் லேசான விசயம் இல்லை. பழைய எலும்பு அரைக்கிற லேபுக்குள்ள போறதுக்கு முழு உடம்பும் மூடின உடுப்பு, ரெண்டு சோடி கையுறை, மேசை எல்லாம் புளீச் போட்டுத் துடைச்சு, ஊதா கடந்த கதிர் விளக்கு எரிச்சு, வெளிக்காத்து உள்ள வராத மாதிரி உள்ளுக்க இருந்து வெளிய காத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏனெண்டா மோசமா உக்கின ஒரு எலும்பில எடுக்கிற டிஎன்ஏயில நூறில தொண்ணூத்தி ஒன்பது பங்கு அந்த மிருகத்தின்ரயே இல்லை, மண்ணில இருந்த பக்டீரியாவின்ர. மிச்சம் இருக்கிற ஒரு பங்கும் முப்பது, ஐம்பது, எழுபது எழுத்துத் துண்டுகள். பழைய பேப்பரைக் கரையான் அரிச்ச மாதிரி எண்டு நினையுங்கோ. ஆனா இந்த அரிப்பிலயே ஒரு நன்மை இருக்கு. பழைய டிஎன்ஏத் துண்டின்ர நுனியில சைற்றோசின் எண்ட எழுத்து இரசாயன மாற்றம் அடைஞ்சு, வாசிக்கேக்க தைமின் மாதிரித் தெரியும். புது டிஎன்ஏயில, அதாவது ஆராய்ச்சியாளர்ர சொந்தத் தும்மலில, இந்தக் காயம் இருக்காது. காயம் இருந்தாத்தான் உண்மையான பழசு. பழைய பித்தளைக் குத்துவிளக்கு வாங்குறவன் களிம்பைப் பாத்து வாங்குற மாதிரி.

எவ்வளவு காலம் தாங்கும்? நியூசிலாந்தில மோவா எண்ட ராட்சதப் பறவையின்ர 158 எலும்பை அளந்து 2012ல ஒரு கணக்குப் போட்டவை, ஏறத்தாழ 13 பாகை வெப்பத்தில 242 எழுத்து நீளத் துண்டுகளில பாதி உடைஞ்சு போக 521 வருசம். குளிர் கூடினா இந்தக் காலம் மளமளவெண்டு நீளும், சூடு கூடினா மளமளவெண்டு குறையும். சைபீரியா உறைமண்ணில லட்சக்கணக்கில தாங்கினதுக்கும் மாமாட வாய்க்காலில ஏழு வருசத்தில எலும்பே மாவாப் போனதுக்கும் காரணம் இதுதான். எங்கட ஊர்ல ராவிலயும் ஃபேன் இல்லாமப் படுக்க ஏலாது, மாரியில ஒரு மழை, பிறகு பங்குனி வெயில், திரும்ப மழை, நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு எலும்பு வெடிச்சு, அதுக்குள்ள பூஞ்சணமும் பக்டீரியாவும் புகுந்து ஒரு வழி பண்ணிரும். கன்னியா வெந்நீர்க் கிணத்துக்க போட்டு அவிச்ச மாதிரித்தான் கிட்டத்தட்ட.

இப்பதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது. டிஎன்ஏயை வைச்சு எத்தினை மிருகம் இருந்துது எண்டு எப்பிடி எண்ணுறது? கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்குப் போற வழியில நிண்டு லஞ்ச் ஷீட் சப்புற மானுகளை எண்ணுறது லேசு, இருபதாயிரம் வருசத்துக்கு முந்தி சைபீரியாவில நிண்ட காண்டாமிருகத்தை ஆர் எண்ணினது?

ஒரு சின்ன ஊரை எடுங்கோ, அம்பது வீடு. அங்க ஒரு கலியாண வீட்டில எழுமாற்றா ரெண்டு பேரைப் பிடிச்சு விசாரிச்சா ரெண்டு மூணு தலைமுறைக்குள்ள பூட்டன் ஒண்டாப் போயிரும், "அட, நீங்க அவையின்ர ஆக்களோ" எண்டு. அதே வெள்ளவத்தை பஸ்ஸுக்க ரெண்டு பேரைப் பிடிச்சா பத்துத் தலைமுறை போனாலும் சந்திக்காது. மிருகமும் அப்பிடித்தான். ரெண்டு மிருகத்தின்ர டிஎன்ஏயை ஒப்பிட்டு, எத்தினை எழுத்து மாறிக் கிடக்கு எண்டு பாத்தா பொது மூதாதை எவ்வளவு தூரத்தில எண்டு கணக்கு வரும். கிட்டத்தில சந்திச்சா கூட்டம் சின்னன். தூரத்தில சந்திச்சா கூட்டம் பெரிசு. இன்னும் வடிவான விசயம், ஒரே மிருகம் போதும். ஏனெண்டா அதுக்குள்ளயே தாய் தந்த பிரதி ஒண்டு, தேப்பன் தந்த பிரதி ஒண்டு இருக்கு. அந்த ரெண்டையும் லட்சக்கணக்கான இடத்தில ஒப்பிட்டா, சில இடம் கிட்டத்தில சந்திக்கும் சில இடம் தூரத்தில சந்திக்கும், அதை எல்லாம் சேத்து வரைஞ்சா அந்த இனத்தின்ர ஏத்த இறக்கம் ஒரு கோடாத் தெரியும், ஈசிஜி எடுத்த மாதிரி. இது தலை எண்ணிக்கை இல்லை எண்டதை மட்டும் மறக்கக்கூடாது, குட்டி போட்டுப் பரம்பரைக்குப் பங்களிச்ச தொகைக்குக் கிட்டவான ஒரு கணக்கு. ஒரே கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு தனித்தனியா இருந்தாலும் கோடு ஏறி இறங்கி எங்களைப் பேக்காட்டும். அதால ஒரு கோட்டைப் பாத்த உடன "ஐயோ செத்துது" எண்டு குதிக்க ஏலாது.

இந்த ஈசிஜி வந்த பிறகு "மனிசனா காலநிலையா" எண்ட பட்டிமன்றம் கொஞ்சம் தடுமாறிப் போச்சு, ஏனெண்டா ஒவ்வொரு மிருகத்தின்ர கோடும் ஒவ்வொரு கதை சொல்லுது.

முதல்ல பைசன், வடக்குக் குளிர் நாட்டுக் காட்டு மாடு. பெத் ஷபீரோ எண்ட ஆய்வாளரும் அவரோட ஆக்களும் 2004ல அலாஸ்காவையும் சைபீரியாவையும் சுத்தின பகுதியில எடுத்த 400க்கு மேற்பட்ட பைசன் எலும்பைப் பாத்தினம். கோடு இறங்கத் தொடங்கினது கிட்டத்தட்ட 37,000 வருசத்துக்கு முதல். அந்தப் பக்கம் மனிசர் பெருந்தொகையா வந்து சேர முதலே. அப்ப வேட்டை எண்டு மட்டும் சொல்லி முடிக்க ஏலாது.

மயிர்க் காண்டாமிருகம் இன்னும் விசித்திரம். 2020ல வந்த ஆய்வின்படி சைபீரியாவில மனிசரோட பல ஆயிரம் வருசம் ஒண்டா இருந்தும் அதின்ர கோடு 18,500 வருசத்துக்கு முதல் வரைக்கும் ஆடாம அசையாம நிக்குது. பிறகு 14,000 வருசத்துக்கு முதல் டக்கெண்டு உலகம் சூடேறின அந்தக் காலத்தோட ஆளே இல்லை.

இதைப் பாத்து "மனிசன் நல்லவன்" எண்டு கிளம்புறவைக்கு மோவா இருக்கு. நியூசிலாந்தில ஒன்பது வகை மோவா, பெரிசு தலையைத் தூக்கினா எங்கட வீட்டுச் சீலிங்கைத் தாண்டும். 2014ல அதின்ர டிஎன்ஏயைப் பாத்தா மனிசர் வர முதல் நாலாயிரம் வருசமா ஒரு குறைவும் இல்லை, நல்ல சுகதேகி. 1300 அளவில பொலினீசியச் சனம் படகில வந்து இறங்குது, பெரிய தொகைச் சனமே இல்லை, ரெண்டு நூற்றாண்டுக்குள்ள ஒன்பதும் முடிஞ்சுது. இதில காலநிலையைக் கூட்டில ஏத்த ஆராலும் ஏலாது. ஐரோப்பாவில குகைக் கரடியும் கிட்டத்தட்ட இதே சாட்சிதான் சொல்லுது, குளிரையும் சூட்டையும் எத்தினையோ தரம் தாங்கின இனம், 40,000 வருசத்துக்கு முதல் எங்கட ஆக்கள் அங்க வந்து பரவின காலத்தில இருந்து கோடு கீழ. ஒரே குகைக்கு ரெண்டு பேர் போட்டி போட்டா அப்பிடித்தான்.

2011ல ஆறு மிருகங்களை ஒண்டா வைச்சு ஒரு பெரிய ஆய்வு வந்தது, மாமத், மயிர்க் காண்டாமிருகம், காட்டுக்குதிரை, பைசன், கலைமான், கஸ்தூரி எருது. அதின்ர முடிவே ஒவ்வொண்டும் ஒவ்வொரு விதம் எண்டதுதான். பத்திரிகைக்காரருக்குத் தலைப்புப் போடக் கஷ்டமான முடிவு. எனக்கு இந்த முடிவு பிடிச்சிருக்கு, ஏனெண்டா ஊர்ல பத்துப் பேர் செத்தா பத்துக்கும் ஒரே காரணம் தேடுறது எவ்வளவு மடைத்தனம்.

என்னைக் கேட்டா, தள்ளி விட்டது ஆர் எண்ட கேள்வியை விடத் தள்ளேக்க அது எங்க நிண்டது எண்ட கேள்விதான் முக்கியம். முற்றத்து நடுவில நிக்கிறவனை இடிச்சா ரெண்டடி பின்னுக்குப் போவான், இராவணன் வெட்டு ஓரத்தில நிக்கிறவனை அதே அளவு இடிச்சா கதை வேற. மாமத் இதுக்கு முந்தியும் சூடான காலம் கண்டது, 125,000 வருசத்துக்கு முதல் உலகம் கிட்டத்தட்ட இண்டைக்கு இருக்கிற அளவு, ஏன் கூடவே, சூடா இருந்தது, அப்பவும் தப்பினது. வடக்குப் பக்கம் ஒதுங்கி, தொகை குறைஞ்சு, திரும்பக் குளிர் வந்ததும் பரவினது. கடைசித் தரம் ஒதுங்கின இடங்கள்ல ஈட்டியோட ஆக்களும் இருந்தினம். காலநிலை ஓரத்துக்குக் கொண்டு போச்சு, இடிச்சது மற்றவர்.

ஆனா இதையும் குழப்புற ஒரு தீவு இருக்கு, ரேங்கல் தீவு, சைபீரியாவுக்கு வடக்க ஆர்க்டிக் கடலுக்குள்ள. பத்தாயிரம் வருசத்துக்கு முதல் கடல் ஏறேக்க கொஞ்ச மாமத் அங்க மாட்டிக்கொண்டுது. நிலப்பக்கத்தில மாமத் போய் முடிஞ்ச பிறகும் அந்தத் தீவில இருந்துது, எகிப்தில பெரிய பிரமிட் கட்டி முடிச்ச பிறகும் இருந்துது, நாலாயிரம் வருசத்துக்கு முதல்தான் கடைசி. 2024ல 21 மாமத் மரபணுத் தொகுதிகளை வாசிச்சு வந்த கட்டுரை சொல்லுற கணக்கு, அந்தத் தீவுக் கூட்டம் தொடங்கினது கூடினபட்சம் எட்டே எட்டு மாமத்தில இருந்து. எட்டு! ஒரு வானுக்க ஏத்துற சனத்தை விடக் குறைவு. இருபது தலைமுறைக்குள்ள 200, 300 ஆகப் பெருகி, பிறகு ஆறாயிரம் வருசம் அதே அளவில நிண்டுது.

முந்தி நினைச்சது, சொந்தத்துக்குள்ளயே சோடி சேந்து சேந்து நோய் கூடி மெல்ல மெல்லத் தேய்ஞ்சு செத்திருக்கும் எண்டு. இந்த ஆய்வு சொல்லுறது அப்பிடி இல்லை. மிக மோசமான மரபணுப் பிழைகள் காலப்போக்கில கழிபட்டே போயிருக்கு, அதோட பிறந்ததுகள் வளராமச் செத்திருக்கும். சின்னச் சின்னப் பிழைகள்தான் கூடிக்கொண்டே இருந்துது, நோயெதிர்ப்பு மரபணுக்கள்ல வகை குறைஞ்சு போச்சு. ஆனா கோடு கடைசி வரைக்கும் நேர்கோடு. பிறகு திடீரெண்டு ஒண்டும் இல்லை. நடந்தது ஒரு கொள்ளை நோயோ, தீயோ, மேய்ச்சல் பட்ட ஒரு மோசமான குளிர்காலமோ, கடைசி முன்னூறு வருசத்து மாமத்தின்ர மரபணு அந்த ஆய்வுக்குள்ள இல்லை. தீவில மனிசர் இருந்ததுக்குக் கிடைச்ச ஆகப் பழைய தடயம் மாமத் முடிஞ்சு சில நூறு வருசம் பிந்தினது. ஆக ஓரத்தில ஆறாயிரம் வருசம் சும்மா நிக்கலாம் போல. ஒரே ஒரு காத்து வரும் வரைக்கும்.

எலும்பே இல்லாமலும் இப்ப இந்த வேலை நடக்குது, சேத்தில இருந்து. ஆனை நிண்ட இடத்தில லத்தி, மூத்திரம், மயிர், உதிர்ந்த தோல் எல்லாம் மண்ணோட சேருது, அதில இருந்த டிஎன்ஏ களிமண் துணிக்கையில ஒட்டிக்கொண்டு குளிரில கிடந்துடும். கிறீன்லாந்தில இப்பிடி எடுத்தது இருபது லட்சம் வருசம் பழசு, அதில மாஸ்டொடன் கூட இருந்துது, 2022ல வெளிவந்த விசயம். 2021ல ஆர்க்டிக் முழுக்க 535 மண் மாதிரி எடுத்துப் பாத்ததில, சைபீரியாவின்ர தைமிர் பக்கம் நிலத்திலயே 3,900 வருசத்துக்கு முதல் வரைக்கும் மாமத் நிண்டிருக்கு எண்டு ஒரு முடிவு வந்தது, எலும்பு சொன்ன காலத்தை விட ஆயிரக்கணக்கான வருசம் பிந்தி. உடன மறுப்பும் வந்தது. உறைமண்ணில கிடந்த பழைய எலும்பும் பிணமும் பிறகு உருகி அதின்ர டிஎன்ஏ புதுச் சேத்துக்க கலந்திருக்கலாமே, பத்தாயிரம் வருசத்துக்கு மேல முதல் செத்த மாமத் இண்டைக்கும் ஆத்தங்கரையில கரையுதுதானே, அதுக்காக இண்டைக்கு மாமத் இருக்கு எண்டு சொல்லுறதா எண்டு. ஆய்வாளர் பதிலும் குடுத்தவை, சண்டை முடிஞ்சபாடில்லை. எனக்கு மறுப்புக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்வு, வாய்க்காலுக்க பழைய சாமான் எவ்வளவு தூரம் இழுபட்டு வரும் எண்டு மாவலி பெருகேக்க பாத்த ஆக்களுக்குத் தெரியும்.

இடையில ஒரு விசயம், "அழிஞ்ச மிருகத்தைத் திருப்பிக் கொண்டு வாறம்" எண்டு 2025ல வெள்ளை ஓநாய்க் குட்டிப் படங்கள் எல்லாரின்ர போனிலயும் சுத்தினது. அது சாம்பல் ஓநாய்தான், 14 மரபணுவில 20 இடத்தில கை வைச்சிருக்கினம். வடிவான குட்டி, அவ்வளவுதான்.

இனி எங்கட நாட்டுக் கதை, இதுதான் எனக்கு வயித்தெரிச்சல். இலங்கையிலயும் இந்த மிருகம் எல்லாம் இருந்துது. இரத்தினபுரியில மாணிக்கக்கல் தோண்டுற குழியளுக்குள்ள கல்லோட சேந்து பல்லும் எலும்பும் வரும், பி. ஈ. பி. தெரணியகல எண்ட இலங்கைத் தொல்லுயிர் ஆய்வாளர் வருசக்கணக்கா அதுகளைச் சேத்து விவரிச்சவர். நீர்யானை, காண்டாமிருகம், ராட்சத ஆனை, சிங்கம் எல்லாம் அதுக்குள்ள. குருவிட்டப் பக்கம் கிடைச்ச பல்லை வைச்சுத்தான் 1939ல இலங்கைச் சிங்கத்துக்குத் தனிப் பேர் வைச்சார். ஏன் அதுகள் போச்சு? மனிசர் இஞ்ச வந்து ரொம்பக் காலம், பாகியங்கல குகையில 45,000 வருசத்துக்கு மேற்பட்ட தடயம் கிடக்கு, ஆனா அந்த ஆக்கள் கூடுதலாச் சாப்பிட்டது குரங்கும் மர அணிலும். பெரிய மிருகத்தை அடிச்ச கூட்டமா அவை தெரியேல்ல. அப்ப மழை மாறினதோ, புல்வெளி சுருங்கினதோ, கடைசியாக் கடல் ஏறி இந்தியாவோட இருந்த நிலத்தொடர்பு அறுந்ததோ? ரேங்கல் தீவுக்குக் கிடைச்ச மாதிரி ஒரு ஈசிஜி எங்களுக்கு இருந்தா சொல்லலாம். இல்லை. ஆத்துச் சரளைக்குள்ள, நிலத்தடித் தண்ணியில, சூட்டில ஊறின எலும்பு அது.

ஒண்டு மட்டும் எழுத்தில நேராக் கிடக்கு, அதுவும் எங்கட திருகோணமலையோட சம்பந்தப்பட்டது. 1660ல கொட்டியாரத்தில, இப்ப மூதூர்ப் பக்கம், ஆங்கிலக் கப்பல்காரன் ரொபர்ட் நொக்ஸ் தேப்பனோட பிடிபட்டு கண்டி ராச்சியத்தில கிட்டத்தட்ட இருபது வருசம் கிடந்தவன். தப்பிப் போய் 1681ல வெளியிட்ட தன்ர விவரணத்தில அரசன்ர மிருகங்களுக்க நிண்ட ஒரு மாட்டைப் பற்றி எழுதுறான், கவுவேரா எண்டு பேர், முதுகு கூரா எழும்பி, நாலு காலும் பாதி வரைக்கும் வெள்ளை. அப்பிடியே இந்தியக் காட்டெருதுதான், கவுர். தான் கண்டது ஒண்டே ஒண்டு எண்டும் எழுதுறான். இண்டைக்கு இலங்கைக் காட்டில அது ஒண்டும் இல்லை. பனியுகமும் இல்லை காலநிலைப் புரட்சியும் இல்லை, நானூறு வருசத்துக்குள்ள நடந்த கதை. இதின்ர எலும்பு எங்கயாவது குளிர்ந்த குகைக்க கிடந்தா டிஎன்ஏ வர வாய்ப்பு இருக்கு, காலம் கிட்ட எண்டபடியா.

சூடான நாட்டில ஏலாது எண்டு முழுசாக் கைவிடவும் தேவையில்லை. ஹரியானாவில ராக்கிகரி எண்ட சிந்துவெளிக் காலத்து ஊரின்ர புதைகுழியில 61 மாதிரி எடுத்து ஒண்டே ஒண்டில மட்டும் மனிச மரபணு கிடைச்சது, 2019ல, அந்த ஒண்டையும் நூறு தரத்துக்கு மேல திரும்பத் திரும்ப வாசிச்சுத்தான் பொறுக்கினது. காதுக்குள்ள இருக்கிற கல்லெலும்பு, உடம்பிலயே ஆக இறுக்கமான எலும்பு, அதில டிஎன்ஏ மற்ற எலும்பை விடக் கனக்கத் தங்கும். இந்தியாவில தீக்கோழி இருந்துதா எண்ட கேள்விக்கு 2017ல விடை சொன்னது முட்டைக் கோது, 25,000 வருசத்துக்கு மேல பழைய கோதுக்குள்ள தாய் வழியா வாற இழைமணி டிஎன்ஏ கிடைச்சு, ஆபிரிக்கத் தீக்கோழியோட சொந்தம் எண்டு தெரிஞ்சுது. டிஎன்ஏ ஏலாட்டிப் புரதம். பல்லு மிளிரிக்குள்ள, அதாவது பல்லின்ர வெளிப்பூச்சுக்குள்ள, புரதம் டிஎன்ஏயை விடப் பல மடங்கு காலம் தாங்கும், தென் சீனாவின்ர சூட்டுக் குகையில இருந்த ராட்சதக் குரங்கின்ர ஏறத்தாழ 19 லட்சம் வருசப் பல்லில இருந்து 2019ல புரதம் எடுத்திட்டினம். தொகை எவ்வளவு எண்டு புரதம் சொல்லாது, ஆனா ஆர்ர சொந்தம் எண்டு சொல்லும். இரத்தினபுரிப் பல்லுகளுக்கு நான் முதல்ல செய்து பாக்கச் சொல்லுறது அதைத்தான். சேத்து டிஎன்ஏக்கு ஹோட்டன் சமவெளி, இரண்டாயிரம் மீற்றருக்கு மேல, இரவில உறையிற அளவு குளிர், இருபதாயிரம் வருசத்துக்கு மேற்பட்ட பூந்தூள் படிஞ்ச கரிச்சேறு அங்க இருக்கு. பூந்தூள் எடுத்த அதே சேத்தில ஆனையோ கவுரோ போட்ட சாணியின்ர ஞாபகமும் கிடக்கலாம்.

இவ்வளவையும் மாமாவுக்கு ஒரே மூச்சில சொல்லேல்ல, ரெண்டு பிளேன்ரீ போச்சு. கேட்டுக்கொண்டிருந்தவர் பல்லைக் காலால பிரட்டிப் பாத்தார். "அப்ப இதுக்குள்ள ஒண்டும் இருக்காது எண்டுறாய்."

"ஏழெட்டு வருசம்தானே மாமா, வரிக்கு நடுவில கொஞ்சம் இருக்கும். ஆனா 2011ல எண்ணேக்க 5,879 ஆனை நாட்டில இருந்துது, ரத்தமும் லத்தியும் எடுக்கலாம், இந்தப் பல்லை ஆர் அரைக்கப் போகினம்."

"இருக்கும் மட்டும் எண்ணுவாங்கள்" எண்டார். பின்னேரம் ஆறு மணி, வயல் பக்கம் ஆரோ ஆனைவெடி கொளுத்துற சத்தம் கேட்டுது, அவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு காவல் பரணுக்குப் போயிட்டார், நான் பல்லைத் திருப்பிக் கோழிக்கூட்டுக் கதவில வைச்சன்.